மூன்றாம் ஓலை

1967 ஏப்ரல் ஒன்பதாம் தேதி, ஞாயிறு, காலை ஏழே முக்கால். பாலக்கோட்டுப் பக்கத்துச் சிற்றூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய அருள்நாதன் மாதா கோயிலுக்கு எதிர்க் கடையில் ஒரு காப்பி குடித்தான். இரவு முழுக்க ரயில்; தலை வலித்தது. வெறும் வயிறாக இல்லாததால் எட்டு மணிப் பூசையில் சாமியார் கொடுக்கும் நன்மை அப்பத்தை வாங்க அவன் போகவில்லை.

அந்தப் பூசையில்தான் தங்கை லூர்தம்மாளுக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பெயர் வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம்.

பூசை முடிந்து மாப்பிள்ளையின் அப்பா செபாஸ்டின் இவர்கள் வீட்டுக்கு வந்தார். அருள்நாதன் கொல்லையில் பாரசீக இலக்கணத்தை வாய்விட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். சென்னையில் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். கேட்ட பாடம் கிடைக்கவில்லை. பாரசீகத்தில் இடமும் உதவித்தொகையும் இருந்தன. சேர்ந்த பிறகு பிடித்துப்போனது. ரஃப்தம், போனேன். ரஃப்தீ, போனாய். ரஃப்த், போனான். விரல் வலமிருந்து இடமாக ஓடியது. உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியது.

"ஏந்தம்பி, பொஸ்தகத்தக் கடசீலருந்து படிக்கறீங்களே, பரீச்சையும் அப்பிடித்தானா?" என்றார் செபாஸ்டின். எல்லோரும் சிரித்தார்கள். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

புதன்கிழமை பேச்சு வந்து சேர்ந்தது. பையன் நன்மை வாங்கவில்லை, பள்ளிவாசல் எழுத்தில் ஓதுகிறான், சென்னையில் வேதம் மாறிவிட்டான். மொழி படிப்பது பாவமில்லை என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். செபாஸ்டின் அதை மறுக்கவில்லை. அருள்நாதனின் அப்பா சவுரியப்பனிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

"ஊரு வாய மூடத்தாங்க கேக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் முன்னால தம்பி நன்மை வாங்கட்டும். அது போதுங்க."

சனிக்கிழமை எழுத்துத் தேர்வு. திங்களன்று வாய்மொழித் தேர்வு. சனி இரவு ரயிலேறினால் பூசைக்கு வந்துவிட்டு அன்றிரவே திரும்பலாம். வந்துவிடுவேன் என்று அருள்நாதன் சொன்னான். லூர்தம்மாள் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள்.

வகுப்பில் மூன்றே பேர். சனி மாலை பேராசிரியர், வாய்மொழித் தேர்வை நாளைக் காலையே முடித்துவிடலாமா என்று கேட்டார். மற்ற இருவரும் சம்மதித்தார்கள். தனக்கு மட்டும் முடியாது என்று சொல்ல அருள்நாதனுக்கு வாய் வரவில்லை. நன்மை அடுத்த ஞாயிறும் வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னான்.

அதே நேரம் ஊரில் மூன்றாம் ஓலையை வாசித்தார்கள். நன்மைக்குக் கூட்டம் எழுந்தபோது செபாஸ்டின் ஆண்கள் பக்கம் முழுக்கத் தேடினார். பிறகு வெளியே போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் சம்பந்தம் முறிந்தது. மூன்று வாரம் ஊரே கேட்ட பெயர். இனி யார் பெயரோடு அவள் பெயரை வாசித்தாலும் பழைய பெயரும் கூடவே கேட்கும்.

திங்கள் காலை அருள்நாதன் வந்தபோது சவுரியப்பன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். திருப்பி அனுப்ப வேண்டிய நிச்சயச் சேலை, செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியின் மேல் இருந்தது.

லூர்தம்மாள் அவனுக்குக் களியும் தண்ணீரும் வைத்தாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"பரீச்சை நல்லாச் செஞ்சியாண்ணா?"