பச்சை ஷூ போட்டு வருபவள்

இடது கால் ஷூ கழன்றுவிட்டது. வலதுதான் வரவில்லை. அவள் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, நாடாவின் முடிச்சுக்குள் கொண்டை ஊசியை விட்டு நெம்பிக்கொண்டிருந்தாள்.

"வெட்டிடு," என்றான் அண்ணன். கத்தரிக்கோலை எடுத்து வந்து நீட்டினான்.

"வேணாம்."

"முடிச்சா இது? இதை வெச்சுக் கப்பலையே கட்டிப் போடலாம்."

அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, வண்டிக்குப் போன் செய்ய வாசலுக்குப் போனான்.

அம்மா போட்ட முடிச்சு அது. சரக்குப் பெட்டிகளோடு வாழ்ந்தவள் ஷூவையும் பெட்டி மாதிரித்தான் கட்டுவாள். நேற்று மாலை படுக்கையில் உட்கார்ந்தபடி இரண்டு கால்களிலும் மாட்டிக்கொண்டாள். புது ஷூ கடிக்குமாம், இப்போதே பழக்க வேண்டுமாம். தூங்கப் போகும்போது மகள் கேட்டாள், "கழட்டட்டுமா?"

"இருக்கட்டும். ஒரு ராத்திரி போட்டிருந்தாத்தான் சொன்ன பேச்சு கேக்கும்."

காலையில் ஷூவைக் கழற்றலாம் என்று தொட்டபோது கணுக்கால் சில்லிட்டிருந்தது. அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

முடிச்சு இளகியது. அவள் ஷூவை மெல்ல உருவினாள். கிளிப்பச்சை நிறம். வீங்கிய காலுக்கு ஒரு அளவு பெரிதாகத் தேடியபோது கடையில் அந்த நிறம் மட்டும்தான் இருந்தது. "இந்த வயசுல கிளி வேஷமா?" என்று சிரித்த அம்மா, உடனேயே முகம் மலர்ந்து, "நல்லதாப் போச்சு. அடையாளத்துக்கு ஆச்சு," என்றாள்.

அடையாளம் போன் சித்திக்காக.

போன் சித்தியை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆப்பிரிக்காவின் வடகரையில் இருக்கும் ஒரு பெரிய துறைமுக நகரத்தில், சரக்கு இறக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவள். இங்கே சரக்கு ஏற்றும் அலுவலகத்தில் அம்மா. இங்கிருந்து போகும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் இருவரும் போனில் பேசியாக வேண்டும். இருவருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியில், ஒடிந்த வாக்கியங்களை ஒட்டவைத்துப் பேசுவார்கள். முதலில் பெட்டிகளைப் பற்றி. பிறகு பிள்ளைகளின் காய்ச்சல், அப்பா விட்டுப் போனது, சித்தியின் கணவர் இறந்தது. இருவரும் ஓய்வு பெற்றபின் பேசுவதற்குப் பெட்டியே தேவைப்படவில்லை. படம் அனுப்பச் சொன்னால் மட்டும் அம்மா மறுத்துவிடுவாள். "இத்தனை வருஷம் குரல்லயே ஓட்டியாச்சு. மூஞ்சிய நேர்ல பாத்துக்கறோம்."

அந்த நேர் அடுத்த வாரம், சித்தியின் ஊரில்.

பெரியம்மா வந்து சேர்ந்தாள். தையல் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். புடவைத் தலைப்பில் இரண்டு குண்டூசிகள் குத்தியபடியே இருந்தன. தங்கையைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் ஜோடியாக இருந்த ஷூவைப் பார்த்தாள்.

"மூத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உனக்கு என்னடி அவசரம்?" என்றாள். அழவில்லை. தங்கையின் தலையைத் தூக்கித் தலையணையை உருவி நாற்காலியில் போட்டாள். தலை படுக்கையோடு படிந்தது. "மெலிசாத்தான் வெச்சுக்குவா, சின்னதுல இருந்தே. கொஞ்சம் உயரமா இருந்தாலும் கழுத்து வலிக்குதுன்னு ஊரைக் கூட்டுவா."

அண்ணன் உள்ளே வந்தான். "போன் சித்திக்குச் சொல்லிட்டியா?"

"அங்க இன்னும் விடிஞ்சிருக்காது."

"ஆமால்ல," என்று போய்விட்டான்.

கார் ஓட்டக் கற்றுத்தருவது அவன் தொழில். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தடுமாறினால் இவன் காலுக்குக் கீழே ஒரு பிரேக் இருக்கும். காலையிலிருந்து வருகிறவர்களிடம் பேசிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவனுடைய வலது கால் தரையை அழுத்தி அழுத்தி விடுவதை அவள் பார்த்தாள்.

அவளுக்கு வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். குப்பிகளோடு போய்விடும் நாள். போனில் பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எரிவாயு உருளை பதிவு செய்வதற்குக்கூட அம்மாதான் பேச வேண்டும். "குழாய்த் தண்ணிகிட்ட மட்டும் நல்லாப் பேசுவா என் பொண்ணு," என்பாள் அம்மா.

அப்படிப்பட்டவள் இந்தப் பயணத்தின் திட்டத்தில் மட்டும் வாயாடி ஆனாள். மாலையில் கட்டிலில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இருவரும் உட்காருவார்கள். கடலோரமாக வளைந்து போகும் தெரு. துறைமுகத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் படிகள். மேட்டில் அடுக்கடுக்காக வெள்ளை வீடுகள். அவள் பழைய கோட்டை, அருங்காட்சியகம், மீன் சந்தை என்று வட்டம் போடுவாள்.

"அதெல்லாம் நீ பாரு. எனக்குத் துறைமுகத்தோட நாலாம் கேட்டு போதும்."

"கேட்டுல என்னம்மா இருக்கு?"

"என் பெட்டியெல்லாம் அது வழியாத்தான வெளிய போச்சு? ஒருநாள் அங்க நின்னு பாக்கணும். மஞ்ச கிரேன் ஒண்ணு இருக்காம், எப்பப் பாத்தாலும் மக்கர் பண்ணுமாம். அதைத் திட்டணும். ரொம்ப நாளா பாக்கி இருக்கு."

படிகள் ஏற முடியாது என்பதற்காக அவள் டிராம் வழிகளைப் படித்தாள். எந்த நிறுத்தத்தில் உட்கார இருக்கை உண்டு, எந்தத் தெருவில் காற்று கடுமையாக அடிக்காது என்று தேடித் தேடிப் பார்த்தாள். படுக்கப் போகுமுன் ஒரு சோதனை இருந்தது. அம்மாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்துவாள். வீக்கத்தில் குழி விழும். எவ்வளவு வேகமாக அது மேலெழுகிறது என்று இருவரும் குனிந்து பார்ப்பார்கள்.

"எழுந்துருச்சு பாரு! நேத்தைவிட வேகம். என்ன சொல்றே, டிக்கெட்டு உறுதியா?"

"உறுதிம்மா."

வேகமில்லை. அவளுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனையின் எண்களைப் படிக்கத் தெரிந்தவள் அவள். பயணம் என்று கேட்டபோது மருத்துவர் பேனாவை மூடினார். பிறகு, "ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க," என்றார். அன்று மாலைதான் அவள் டிக்கெட் எடுத்தாள். ஒருவேளை என்ற சொல்லை அவள் வேலையில் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. வீட்டில் அதை மட்டுமே நம்பிக்கொண்டிருந்தாள்.

"இப்ப விடிஞ்சிருக்குமே?" அண்ணன் மறுபடியும் வந்து நின்றான்.

"எழுந்து மூஞ்சி கழுவட்டும்."

"நான் பேசட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

"நீயா?"

அம்மாவின் போன் அவள் மடியில் இருந்தது. ஒரு பொத்தான்தான். ஆனால் அதை அழுத்தாத வரையில், அந்த ஊரில் அம்மா அடுத்த வாரம் வரப்போகிறவளாகவே இருப்பாள். அங்கே அவளுக்காக ஓர் அறையைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். இந்த வீட்டில், தெருவில், தையல் கடை வரைக்கும் அம்மா இறந்துவிட்டாள். அவள் உயிரோடு மிச்சமிருக்கும் இடம் அது ஒன்றுதான். அதையும் இவள் வாயால் சொல்லி முடிக்க வேண்டும்.

அம்மா இருந்திருந்தால் இந்நேரம் திட்டியிருப்பாள். சின்ன வயதில் ஒருமுறை, தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்க, அம்மா பதற்றத்தோடு போனைத் தேடி ஓடினாள். ஏதோ ஒரு பெட்டி கப்பலில் ஏறாமல் கரையிலேயே தங்கிவிட்டது. சாப்பிட்டுவிட்டுச் சொல்லக் கூடாதா என்று இவள் கேட்டாள்.

"சரக்கு ஏறலைன்னா ஏறலைன்னு அந்த நிமிஷமே சொல்லிடணும்டி. அங்க ஒருத்தன் லாரிய நிறுத்திக்கிட்டு நிப்பான். வரலைங்கறதுகூடப் பரவால்ல. வரும் வரும்னு ஒரு மனுஷனை நிக்க வெக்கறதுதான் பாவம்."

மதியமானது. பெரியம்மா அம்மாவின் தலைமுடியைச் சீவி முடித்தாள். வண்டி கிளம்பிவிட்டதாக அண்ணன் வந்து சொன்னான். இந்த முறை அவன் கேட்கவில்லை. போனை மட்டும் பார்த்தான்.

அது ஒலித்தது. அவள் எடுத்து, "ஹலோ," என்றாள்.

"மகளே!" சித்தியின் குரல் எப்போதும்போல் துறைமுகத்தில் நின்று கத்துகிற குரல். பின்னால் ஒரே இரைச்சல். "கடையில நிக்கிறேன். அம்மாவுக்குத் தலையணை உயரமா வேணுமா, தாழ்வா வேணுமா? சீக்கிரம் கேட்டுச் சொல்லு."

அவள் திரும்பினாள். உருவிய தலையணை நாற்காலியில் கிடந்தது. நடுவில் தலை வைத்த பள்ளம்.

"தாழ்வா," என்றாள். அவள் யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது. "ரொம்ப மெலிசா."

"எனக்குத் தெரியும்! குரலைக் கேட்டாலே தெரியும், மெலிசு வெச்சுத் தூங்கறவங்க யாருன்னு." சித்தி கடைக்காரனிடம் தன் மொழியில் எதையோ சொல்லி அதட்டினாள். தாள் சரசரத்தது. "இன்னும் ஒண்ணு. பச்சை ஷூதானே? மாத்திடலியே? நான் ஏர்போர்ட்டுல முன்வரிசையில கம்பிய ஒட்டி நின்னுக்குவேன். மூஞ்சி தெரியாது, அதனால வர்றவங்க எல்லார் காலையும் பாத்துக்கிட்டே நிக்கப்போறேன்."

அவளுக்கு அந்தக் காட்சி கண்முன் தெரிந்தது. இதுவரை பார்த்திராத ஒருத்தி குனிந்த தலையோடு நிற்கிறாள். கறுப்பு ஷூக்கள் வருகின்றன. பழுப்பு, வெள்ளை, செருப்புகள், பெட்டிச் சக்கரங்கள். கூட்டம் குறைகிறது. கடைசியில் தரை துடைக்கிறவரின் கால்கள் வருகின்றன. அவள் இன்னும் நிமிரவில்லை.

"சித்தி, அம்மா வரலை."

"என்ன? இங்க சத்தமா இருக்கு."

"அம்மா வரலை."

"சரி, அதனால என்ன, அடுத்த மாசம் வரட்டும். டாக்டர் வேணாம்னுட்டாரா?"

"இல்ல. இன்னிக்குக் காலைல..." அந்த இரவல் மொழியில் இதற்கு மூன்று நான்கு சொற்கள் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒன்றுகூட வரவில்லை. "இன்னிக்குக் காலைல, சித்தி," என்று மட்டும் மறுபடியும் சொன்னாள்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. தெரு நிற்கவில்லை. யாரோ விலை கூவினார்கள். ஏதோ ஒரு மணி அடித்தபடி கடந்து போனது. டிராமாக இருக்கலாம். அதற்குப் பின்னால் காற்று.

பிறகு சித்தி பேசினாள். அப்படி அடங்கிய குரலில் அவள் பேசி இவள் கேட்டதே இல்லை.

"தலையணையக் கட்டிக் குடுத்துட்டாங்களே..."

இருவருமே இணைப்பைத் துண்டிக்கவில்லை.

வாசலில் வண்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு பேர் தூக்குப் படுக்கையோடு உள்ளே வந்தார்கள். கூடம் குறுகல். பெரியம்மா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நான் தோளைப் பிடிச்சுக்கறேன்," என்றான் அண்ணன். "நீ கால் பக்கம் பிடி."

அவள் போனை நாற்காலியில், தலையணையின் பக்கத்தில் வைத்தாள். அதிலிருந்து அந்த ஊரின் தெரு சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்து, குதிகால்களுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள்.

பாதங்களின் மேல் ஷூ நாடா அழுந்திய தடம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது. காலையில் கழற்றியபோது இருந்த ஆழத்திலேயே இருந்தது.

"தூக்கலாமா?" என்றான் அண்ணன்.