கட்டிலுக்கு அடியில் ஒரு கம்பி

"பீரோவை நகர்த்திடலாம் மேடம். அப்பாவை எங்க நகர்த்துறது?"

கேட்டுவிட்டு என்ஜினியர் மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கினார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"என்னையும் பீரோன்னு நெனச்சுத் தூக்குங்க தம்பி. உள்ள ஒண்ணும் இல்ல, கனக்காது," என்றார் கட்டிலில் கிடந்த அப்பா.

மகள் சிரிக்கவில்லை. சிரிக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. இடுப்புக்குக் கீழே ஓய்ந்துபோன மனிதரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி அவள் முதுகு விட்டுப்போயிருந்தது.

பல குடித்தனங்கள் இருக்கும் பழைய செங்கல் கட்டிடம். சுவர்கள் என்னவோ தடிமன்தான். ஆனால் தரையைத் தாங்கும் உத்தரங்கள் சுவருக்குள் நாலு விரல் ஆழத்துக்குச் சும்மா உட்கார்ந்திருந்தன. நிலம் நடுங்கினால் சுவர் வெளியே சாயும், உத்தரம் நழுவும், தரை இறங்கும். அதனால் தரைப்பலகைகளைப் பெயர்த்து, சுவருக்குச் சுவர் இரும்புக் கம்பி ஓட்டி, வெளிப்புறம் தகடு வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற வீடுகளில் வேலை முடிந்துவிட்டது. இந்த அறை மட்டும் பாக்கி. கம்பி போகவேண்டிய தடமோ சரியாகக் கட்டிலுக்கு அடியில்.

"இதை விட்டுட்டு முடிச்சா?" என்றாள்.

"இந்தச் சுவர் மட்டும் பிடிமானம் இல்லாம நிக்கும்."

"நிக்கட்டும். ஆடுனா ஆடிட்டுப் போகுது. எனக்கென்ன, இனிமேலா கல்யாணம் ஆகப்போகுது?" என்றார் அப்பா.

அவள் ஊரின் மறுகோடியிலிருந்த அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். "பலகையைப் பேர்த்தா வீடெல்லாம் தூசிண்ணா. அப்பாவுக்கு ஏற்கெனவே இளைப்பு. வேலை முடியுற வரைக்கும் உங்க வீட்ல..."

"நான் மாட்டேன்னா சொல்றேன்? அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்காமலேயே அண்ணன் பல வருஷங்களை ஓட்டியிருந்தார். அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"விட்டுடுங்க சார். இந்த அறை வேண்டாம்."

என்ஜினியர் வாக்குவாதம் செய்யவில்லை. அவருக்கும் அலுத்திருந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சுருட்டி வைத்திருந்த மெத்தையைப் பார்த்தார்.

"இங்க யார் படுக்கிறது?"

"நான்தான். ராத்திரி இவருக்கு மூச்சு முட்டுனா எழுந்திருக்கணுமே."

"சுவர் சாஞ்சா முதல்ல இறங்குறது இந்த இடம்தான் மேடம்."

அப்பா தலையைத் திருப்பி மெத்தையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். ஏதாவது கேலி வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. மகனிடம் கை நீட்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு வீம்பு உண்டு. மருந்து தீர்ந்தால்கூட அவனிடம் மூச்சு விடமாட்டார்.

"லைன்ல இருக்கானா? குடு இப்படி."

ஃபோனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, நான்தான். இந்தச் சுவரைச் சரி பண்ற வரைக்கும் உன் வீட்ல ஒரு மூலையில என்னை வச்சுக்கிறியா?"