நீரஜா பெயரில் ஒரு விருப்ப மனு

எங்கள் வார்டு பெண்களுக்கு என்று அறிவித்த அன்றே, மனசுக்குள் சொர்ணத்தைக் கவுன்சிலர் ஆக்கிவிட்டோம். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள். குழாயில் சாக்கடை வாடை வந்தால் அவள் கதவைத்தான் தட்டுவோம். பெருவெள்ளத்தன்று என் இடுப்பில் கயிறு கட்டி மொட்டை மாடிக்கு இழுத்தவளும் அவள்தான். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதவாவது முடிகிறது. இருபது வருஷமாகக் கட்சிக்குக் கொடி பிடித்தவள், தனக்கென்று ஒன்று கேட்டது இந்தத் தடவைதான்.

அதிலும் வட்டச் செயலாளர் சுயம்புலிங்கம் வந்து ஒரு யோசனை சொன்னான்.

“சீட்டு கேட்டு உன் பேர்ல மனு போடு, சொர்ணம். கூடவே மாவட்டத்தோட பொண்ணு பேர்லயும் ஒண்ணு போட்டுடு.”

மாவட்டச் செயலாளரை எங்கள் பக்கம் யாரும் பெயர் சொல்வதில்லை. ‘மாவட்டம்’தான்.

“நீரஜாவா? அது அமெரிக்காவுல இல்ல கீது?”

“போன மாசம் வந்துட்ச்சி. அடையாறுல அப்பன் வீட்ல கீது. அது எங்க நிக்கப்போவுது? ஒரு மரியாதைக்குத்தான். மாவட்டம் பாத்து, ‘என் பொண்ணுக்கு வேணாம்பா, அந்தச் சொர்ணத்துக்கே குடுங்க’ம்பாரு.”

கட்சியில் இது பழைய வழக்கம். ‘நீங்களே நிற்க வேண்டும்’ என்று தலைவர் பெயரில் ஊர் ஊராக மனு போடுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே வேறு ஆளைக் காட்டுவார். எனக்கென்னவோ மனசு ஒப்பவில்லை.

“வேணாண்டி. சாமிக்குப் படைச்சா சாமி துன்னாது, நாமதான் துன்னுவோம். நீ மனுஷனுக்குப் படைக்கிற. துன்னுட்டா இன்னா பண்ணுவ?”

“நீ வேற பெரிம்மா!” என்று சிரித்தாள். இரண்டையும் போட்டாள்.

மனு வாங்கும் தேதி முடிந்த பிறகுதான் சுவரெல்லாம் நீரஜா முளைத்தாள். கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ‘வருங்கால கவுன்சிலரே’ என்று. இனாயத் டீக்கடையில் ஒரே வாக்குவாதம்.

“மனுவே போடல, சீட்டு எப்டி மச்சி குடுப்பாங்க? சான்ஸே இல்ல.”

“வெளியாளு அது. நம்ம தெரு பேரு ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொல்லு, பாப்போம்.”

“தேதி, தெரு பேரெல்லாம் நம்மளுக்குத்தான் நைனா, அவங்களுக்கு இல்ல,” என்றார் இனாயத், டீயை ஆற்றிக்கொண்டே.

சொர்ணம் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு என் காதருகே குனிந்தாள். “பெரிம்மா, அந்தப் பொண்ணு பேர்ல மனு கீதே. நான் போட்டது.”

மனு போட்டவர்களுக்குக் கட்சி நேர்காணல் தி.நகரில். துணைக்கு நானும் போய் வாசலில் உட்கார்ந்திருந்தேன். போனவள் உடனே திரும்பிவிட்டாள். முகமே சரியில்லை.

“இன்னாடி கேட்டாங்க?”

“ரெண்டு மனுவையும் பக்கத்துல பக்கத்துல வச்சிக்கினு, ‘என் பொண்ணு நிக்கணும்னு நீயே எழுதிக் குடுத்துக்கிறியே, அது நின்னா உனக்கு சந்தோஷம்தானேம்மா?’ன்னாரு மாவட்டம். அத்தினி பேரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“‘சந்தோஷம்ணே’ன்னேன்.”

“எனக்குக் குடுங்கன்னு வாயத் தொறந்து கேட்டியா?”

“அவர் எதிர்லயே எப்டி பெரிம்மா கேக்கறது? அவரா சொல்வாருன்னு நின்னுக்கினே இருந்தேன். ‘சரி, அடுத்த ஆளக் கூப்புடு’ன்னுட்டாரு.”

பட்டியல் டி.வி.யில் வந்தது. எங்கள் வார்டுக்கு நீரஜா. பேட்டி கேட்டவர்களிடம் மாவட்டம் கைகூப்பினார்: “எனக்கு இதில் துளியும் விருப்பமில்லை. வார்டு மக்களே மனு போட்டுக் கேட்கிறார்கள். மறுக்க முடியவில்லை.”

வார்டு மக்கள்! அந்த வார்டு மக்கள் என் வீட்டுத் தரையில், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிரசாரத்துக்கு நீரஜா வந்தபோது, எங்கள் சந்துக்குள் வழிகாட்டவும் சொர்ணம்தான் வேண்டியிருந்தது. வந்தாள். நேர்காணலுக்கு உடுத்திய அதே கட்சிக்கரைப் புடவை. ‘யாரை நிறுத்தினாலும் பாடுபடுவேன்’ என்று மனுவிலேயே எழுதி வாங்கியிருக்கிறார்களே.

என் வாசலில் நின்று நீரஜா கும்பிட்டாள். பிறகு சொர்ணத்தைப் பார்த்து, “அக்கா, எனக்காக மனு போட்டது நீங்கதானாமே! அப்பா சொன்னாரு. தேங்க்ஸ்க்கா,” என்றாள். நிஜமாகவே சந்தோஷமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“நீ யார் வூட்டுப் பொண்ணும்மா?” என்று வேண்டுமென்றே கேட்டேன். “இந்தச் சந்துல உன்னப் பாத்ததே இல்லியே?”

நீரஜா விழித்தாள். பின்னால் நின்ற சுயம்புலிங்கம் செருமினான். சொர்ணம் முன்னால் வந்து என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“நம்ம பொண்ணுதான் பெரிம்மா,” என்றாள். “நான்தான் கேட்டு வாங்கினேன். ஓட்டு போட்டுடு.”