கையைப் பின்னால் கட்டிக்கொண்டவர்கள்

தோட்டத்துக்குத் தபால் வருவதில்லை. ஆள் போய்த் தூக்கி வர வேண்டும். அந்த ஆள் அழகுமுத்து. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு கலைந்ததும், பித்தளைப் பூட்டுப் போட்ட கான்வாஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நோர்வூட் கடைவீதிக்கு இறங்குவான். பூட்டுக்கு ஒரு சாவி தபால் கந்தோரில் இருந்தது. இன்னொன்று தோட்டத்து ஆபீசில், பெரிய கிளாக்கரின் மேசையில். நடுவில் மலையேறி இறங்குகிறவனிடம் சாவி கிடையாது. பையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "கனந்தான் தெரியும்" என்பான்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்கு வருவது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வரும் கார்டுகள்தான். மூலையில் கறுப்பு மை தடவியிருந்தால் சாவு. அதை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலில் நின்றபடி வாசிக்கக் கேட்டுவிட்டு, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்குத் தலைமுழுகப் போவார்கள். மற்றக் கார்டுகளைக் கூரைத் தகரத்தின் இடுக்கில் செருகி வைப்பார்கள்.

பழனியாண்டி எதிர்பார்த்தது கார்டு அல்ல, கவர். பழுப்புக் கவர். மேலே நாலு இங்கிலீஷ் எழுத்து அச்சடித்திருக்கும்: ஓ, எச், எம், எஸ். ராணியின் வேலையாக வரும் கடிதம் என்று அர்த்தம். அதற்கு ஸ்டாம்பு ஒட்டமாட்டார்கள், சாதாத் தபாலிலேயே ஆபீசுக்கு வரும். இதையெல்லாம் அவன் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தான். ஐம்பத்தொன்றில் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டவன். விசாரணைக்கு வரச்சொல்லி அந்தக் கவர் வரும். விசாரணையில் தேறினால் பிரஜை. தேறாவிட்டால், பிறந்த லயத்திலேயே கள்ளத்தோணி, களவாக வந்திறங்கியவன். அவனுடைய அண்ணனுக்கு மனு தள்ளுபடியானது. குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான். போய்ச் சேர்ந்து ஒரே ஒரு கார்டு போட்டான். அங்கே தன்னைச் சிலோன்காரன் என்று கூப்பிடுகிறார்களாம். அதற்குப் பிறகு கார்டும் இல்லை.

தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை முடிந்து கத்தியைக் கழுவியதும் பழனியாண்டி ஆபீஸ் வராந்தாவில் போய் நிற்பான்.

"நாலெழுத்துக் கவரு வந்துச்சாங்க ஐயா?"

"வந்தா கூப்பிட்டுத் தரமாட்டமா? போ, போ" என்பார் கிளாக்கர்.

ஐந்து வருஷமாக இதே கேள்வி. இதே பதில்.

பழனியாண்டி தோட்டத்து யூனியன் தலைவர். நல்ல தலைவர் என்றுதான் பெயர். துரையின் முன் நிமிர்ந்து நிற்பான், கையெழுத்துப் போடுவான், சிங்களம் பேசுவான். முந்தின வருஷத்து வேலைநிறுத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கு, வேலையிலிருந்து நிறுத்தும் பத்துச்சீட்டு ரெஜிஸ்டர் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர்களை லயத்தை விட்டுக் கிளப்பினார்கள். ஒருவன் மட்டும் அப்போது காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுடைய கடிதம் திரும்பிப் போனது. அவன் லயம் தப்பியது. ஏன் தப்பியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பழனியாண்டி மட்டும் தனக்குத் தெரியும் என்று நினைத்தான்.

கூட்டம் போட்டுச் சொன்னான். ரெஜிஸ்டர் என்றால் கை நீட்டாதீர்கள். கவரைப் பார்க்கக்கூடப் பார்க்காதீர்கள். பார்த்தால் பார்த்தான் என்று சாட்சி சொல்வார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். வாங்காத கடிதம் வந்து சேராத கடிதம்.

அதிலிருந்து அந்தத் தோட்டத்தில் அது வழக்கமாகிவிட்டது. ரெஜிஸ்டர் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், கிழவன்கூடக் கையை முதுகுக்குக் கொண்டுபோவான். அழகுமுத்துவுக்கு எழுத வராது. 'ரிப்யூஸ்ட்', அதாவது வாங்க மறுத்தார், என்ற ஒரு சொல்லை மட்டும் கிளாக்கரிடம் படம் போல வரைந்து பழகிக்கொண்டான்.

அந்த ஆடியில் மழை விடவே இல்லை. கொழுந்து நிறுவை பற்றித் துரைக்கும் யூனியனுக்கும் தகராறு. ஆட்களை நிறுத்தப்போகிறேன் என்று துரை பெரட்டுக்களத்தில் கத்தியிருந்தார். அந்த வாரம் அழகுமுத்து, தலையில் படங்குச்சாக்குப் போட்டுக்கொண்டு, கிளாக்கர் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்த கவர்களோடு கவ்வாத்து மலைக்கே வந்தான்.

"தலைவரே, மூணு ரெஜிஸ்டர். ஒங்களுக்கு ஒண்ணு, செல்லசாமிக்கு ஒண்ணு, வீரம்மாக்காவுக்கு ஒண்ணு."

பழனியாண்டி கத்தியைச் செடியில் கொத்தி நிறுத்திவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டினான். பக்கத்து நிரையில் நின்ற செல்லசாமியும் கட்டினான்.

"கவரு சர்க்காரு கவரு மாதிரி இருக்குதுங்க" என்றான் அழகுமுத்து.

"பத்துச்சீட்டு இப்ப கோர்ட்டு வழியாத்தான் வருது. கோர்ட்டு யாரு வூடு? சர்க்காரு வூடுதானே?"

"நீலக்கோடு போட்டு, மேல என்னமோ..."

"காட்டாதடா! கண்ணுல காட்டாதன்னு சொன்னேன்ல?" பழனியாண்டி முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டான். "துரைக்கி நம்ம பயந்திருக்கோமான்னு பாக்கணும். அதுக்குத்தான் இந்த நாடகம். போ, படத்த வரை."

செல்லசாமி சிரித்தான். "நல்லா வரை மச்சான். போன தடவ வாலு கோணலா இருந்துச்சாம்."

வீரம்மா கொழுந்து மலையில் இருந்தாள். புருஷன் செத்தவள், வயசுக்கு வந்த மகளோடு தனியாக இருப்பவள். அவளுக்குக் கூடையின் கயிறு தலையில் இருந்தது. கையைப் பின்னால் கட்ட முடியவில்லை. "தலைவர் வாங்கினாரா?" என்று கேட்டாள். இல்லை என்றான் அழகுமுத்து. "அப்ப எனக்கும் வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தைப் பிடுங்கினாள்.

மூன்று கவரிலும் அழகுமுத்து படம் வரைந்தான். அன்று மாலைப் பையில் அவை இறங்கிப் போயின.

பத்துச்சீட்டு வரவில்லை. யாரையும் நிறுத்தவில்லை. பழனியாண்டி ஜெயித்துவிட்டதாக லயத்தில் பேச்சு. வீட்டில் நாகலெட்சுமி மட்டும், ரொட்டி தட்டிக்கொண்டே, "என்னா கவருன்னு ஒரு தடவ பாத்திருக்கலாமில்ல?" என்றாள்.

"ஒனக்கு யூனியன் வேல தெரியுமா?"

"தெரியாது. கண்ணு தெரியும்."



ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் பொகவந்தலாவைப் பக்கத்து ஆள் ஒருவனைப் பார்த்தான். யூனியன் கூட்டங்களில் பழக்கம். புதுச் சட்டை போட்டிருந்தான். விசாரணை முடிந்துவிட்டது, ஐயாமார் நல்லபடியாகக் கேட்டார்கள், தேறிவிடும் என்று சொல்லி வடை வாங்கிக் கொடுத்தான்.

"கவரு எப்ப வந்துச்சு?" என்றான் பழனியாண்டி.

"ஆடி மாசம்."

"ஆபீசுக்குத்தானே? சாதா தபால்ல?"

"சாதாவா? அதுக்குள்ள நம்ம தலையெழுத்துல்ல இருக்கு, சாதாவுல போடுவாங்களா? ரெஜிஸ்டர்லதான். கையெழுத்து வாங்கிட்டுல்ல குடுத்தான்."

பழனியாண்டி வடையை இலையோடு மேசையில் வைத்தான். கடைக்கு வெளியே வந்து ஓடையோரமாகக் கொஞ்ச நேரம் நின்றான். 

மறுநாள் வேலைக்குப் பேர் போடாமல் தபால் கந்தோருக்குப் போனான். கம்பிக்குப் பின்னால் இருந்த சிங்கள ஐயா, மாத்தயா, வயதானவர். பழனியாண்டி சிங்களத்தில் கேட்டான். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். ரிப்யூஸ்ட் என்று எழுதி வந்தால் அனுப்பினவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும், அதுதான் சட்டம். சாதாத் தபால் தொலையலாம். ரெஜிஸ்டர் தொலையாது. ஒவ்வொரு கந்தோரிலும் நம்பரைப் பதிந்து, கைக்குக் கை கையெழுத்து வாங்கித்தான் போகும். உன் கடிதம் மிகப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும், பயப்படாதே என்றார்.

அடுத்த நாள் விடியலில் அட்டனில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கினான். அங்கிருந்து பஸ்ஸில் நுவரெலியா. பிரஜாவுரிமைக் கந்தோரில் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டபோது பேரையும் மனு நம்பரையும் சொன்னான். இளைஞரான எழுத்தர் ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்தார். தமிழில் பேசினார்.

"நோட்டீஸ் அனுப்பினதுதானே. நீங்க எடுக்க இல்ல. விசாரணைக்கும் வர இல்ல. மனு தள்ளுபடி."

ஃபைலுக்குள் அந்தக் கவர் இருந்தது. ஒட்டினது பிரியாமல், குறுக்கும் நெடுக்கும் நீலக்கோட்டோடு. மேலே நாலு எழுத்து. கீழே அழகுமுத்துவின் படம். வால் கோணாமல் நன்றாக வந்திருந்தது.

"இப்பக் குடுங்க மாத்தயா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன்."

"அதுல இருக்கிற தேதி போன மாசம். இனி இது ஒங்கட கடிதம் இல்ல. கந்தோர்ட கடிதம்."

 எழுத்தர் கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்திக்கொண்டார். வராததற்குத் தக்க காரணம் காட்டிக் கமிஷனருக்குப் பெட்டிசம் எழுதலாம். நோய், சாவு, அறியாமல் வேறொருவர் பேச்சைக் கேட்டது, இப்படி ஏதாவது. சில பேருக்கு மறு விசாரணை கொடுத்திருக்கிறார்கள். பேரும் விபரமும் சரியாக இருக்க வேண்டும். ஃபைல் மூடப்பட்டது.

அன்று இருட்டுவதற்குள் லயத்துக்கு வந்து சேர்ந்தான். வீட்டுக்குப் போகவில்லை. நேரே பீலிக்கரைக்குப் போனான். செல்லசாமி கால் கழுவிக்கொண்டிருந்தான், வீரம்மா குடத்தோடு நின்றாள். ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. அந்தக் கடிதம் பிரஜாவுரிமைக் கடிதம். நான் வாங்காதே என்றேன். உங்கள் மனுவும் போய்விட்டது.

செல்லசாமி பீலித் தண்ணீரிலிருந்து காலை எடுக்கவில்லை. "மாசா மாசம் சந்தா குடுத்ததுக்கு இதுதானா தலைவரே?" என்று மட்டும் கேட்டான்.

வீரம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "கைய பின்னால கட்டுன்னீங்க. கட்டுனோம். இப்ப யாருகிட்ட கொண்டுபோயி நீட்டச் சொல்றீங்க?"

"பெட்டிசம் எழுதலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"எம்மவளுக்குப் பதிவு இல்லாம எவன் பொண்ணு கேட்டு வருவான்? நீங்க கூட்டிட்டு வருவீங்களா?"

அவளைச் செல்லசாமிதான் அமர்த்தினான். தலைவருக்காக அல்ல. பக்கத்து லயத்து ஆட்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

வந்த ஞாயிறு மூன்று பேரும் நோர்வூட்டுக்கு இறங்கினார்கள். சேர்ந்து நடக்கவில்லை. பெட்டிசம் எழுதும் கணேசமூர்த்தி ஒரு துணிக்கடை வராந்தாவில், டைப் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சில் இங்கிலீஷ் கலக்கும் மனுஷர்.

"முதல்ல அம்மாவோடது. காரணம் என்னா?"

 பழனியாண்டிதான் சொன்னான்.

"எழுத்தறிவில்லாத பொம்பள. தோட்டத்துத் தலைவர் பழனியாண்டிங்கிறவர் வாங்கக் கூடாதுன்னு சொன்னாரு. தலைவர் சொல்றாரேன்னு நம்பிட்டாங்க. அப்படிப் போடுங்க."

கணேசமூர்த்தி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்தப் பழனியாண்டி நீங்கதானே? இது ஒங்க பேர்ல விழும். துரை கையில கெடச்சா, யூனியன்காரன் ஆளுகளக் கெடுத்தான்னு இதையே காட்டுவாங்க."

"விழட்டும். அப்படிப் போட்டாத்தான் அவங்களுக்கு மறு விசாரண. சரிதானே?"

"சரிதான். மிஸ்கைடட், தப்பா வழிகாட்டிட்டாங்கன்னு போட்டா ஸ்ட்ராங்கா நிக்கும்."

மெஷின் தட்டத் தொடங்கியது. வீரம்மா பெருவிரலை மையில் வைத்து அழுத்தினாள். செல்லசாமிக்கும் அதே காரணம், அதே பேர். அவன் கையெழுத்தைக் கோணல்மாணலாகப் போட்டுவிட்டு, தலைவரைப் பார்க்காமல் வராந்தாவை விட்டு இறங்கினான். வீரம்மா படியிலேயே நின்றாள். மழை தூறியது.

கணேசமூர்த்தி மூன்றாவது தாளைச் சுருட்டினார். பேர், மனு நம்பர், தோட்டம் எல்லாம் அடித்தார். பிறகு நிறுத்தினார்.

"ஒங்களுக்கு? யாரு சொன்னதுன்னு போடட்டும்?"

பழனியாண்டி யோசித்தான். யூனியன் கந்தோரில் யாராவது சொன்னார்களா என்று நினைத்துப் பார்த்தான். யாரும் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தவன்கூட எதுவும் சொல்லவில்லை.

"யாரும் சொல்லல. நானே நெனச்சேன்."

"அது ரீசன் இல்லீங்களே. வேற யாராவது ஒரு பேரு சொல்லுங்க. தபால்காரன் சரியா சொல்லலன்னு போடுவமா?"

"அவன் சர்க்காரு கவருன்னு சொன்னான். நான் திரும்பிக்கிட்டேன்."

"காய்ச்சல்னு போடவா?"

"காய்ச்சல்னா டாக்டரு துண்டு கேப்பாங்க."

"அப்ப என்னதாங்க போடுறது?"

படியில் நின்ற வீரம்மா திரும்பிப் பார்த்தாள். பழனியாண்டி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மெஷினைப் பார்த்தான்.

"இத எடுத்துருங்க" என்றான். "அவங்க ரெண்டு பேரோடதையும் ரெஜிஸ்டர் பண்ணணும். கவரு குடுங்க."

கணேசமூர்த்தி பாதி அடித்த தாளை மெஷினிலிருந்து உருவினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் கிழிக்காமல் அடுத்த ஆளுக்காக வைத்துக்கொண்டார்.