நேராக நிற்கச் சொன்னபோது

ஆஸ்பத்திரியில் மூட்டு, தசை வலிகளுக்குப் பயிற்சி தரும் இயன்மருத்துவராகச் சேர்ந்து றொசானாவுக்கு இன்னும் இரண்டு மாதம் முடியவில்லை. திரைக்குள் அவள் முன்னால் நாகலெட்சுமி நின்றாள். துணைக்குத் தாதி பேச்சியம்மா. வெளியே வாங்குப் பலகையில் நாகலெட்சுமியின் கணவர் நல்லமுத்து.

நாகலெட்சுமிக்கு நான்கு மாதமாக இடது இடுப்பில் வலி. றொசானா இன்று எழுதும் கடிதத்தைப் பார்த்துத்தான் தேயிலைத் தோட்டத்தில் முடிவு செய்வார்கள்: நாகலெட்சுமி மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவதா, தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குவதா என்று.

"அக்கா, சேலைய அவிழ்க்க வேணாம். கொசுவத்த மட்டும் கொஞ்சம் தளர்த்துங்க. இடுப்பெலும்பத் தொட்டுப் பார்க்கணும். தொடலாமா?"

"வலிக்கிதுன்னுதானே வந்திருக்கேன் மிஸ். இதுக்கு என்னத்துக்குக் கேட்டுக்கிட்டு?"

"கேக்காம தொடக் கூடாதுக்கா. வேணாம்னு தோணுனா நிப்பாட்டச் சொல்லுங்க. மொதல்ல உங்க கையாலயே அந்த மேட்டத் தேடிக் காட்டுங்க."

அவள் காட்டிய இடத்தில், துணிக்கு மேலாகவே, றொசானா விரல்களை வைத்தாள். முன்புறம் துருத்தும் முனைகள், பக்கவாட்டு விளிம்பு, பின்னால் குழி விழும் இடம். எல்லாவற்றிலும் இடது பக்கம் ஒரு விரற்கடை உயரம். படுக்கவைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமம். கால்களை அளந்தாள், அவையும் சமம். நிற்கச் சொல்லி, மறுபடி கேட்டுத் தொட்டாள். அதே விரற்கடை.

கால் குட்டையென்றால் படுத்தாலும் குட்டைதானே? றொசானாவுக்குத் தன் விரல்கள் மீதே சந்தேகம் வந்தது.

"நேரா நில்லுங்கக்கா."

"நேராத்தான் மிஸ் நிக்கிறேன்."

"இது மூணாந் தடவ," என்றாள் பேச்சியம்மா. "அந்தப் புள்ளைக்குக் கூச்சமே போயிருக்கும்."

நாகலெட்சுமி சிரிக்கவில்லை. "கால் குட்டைன்னு எழுதிராதீங்க மிஸ். இருபத்திரெண்டு வருசமா மலைதான். அங்க நாலு பேரோட பேச்சு இருக்கு. என்னயத் தூசுக்குள்ள அடைச்சிப்புடாதீங்க."

"வீட்டுல எப்பிடி நடக்கிறீங்கன்னு அண்ணன்கிட்ட கேக்கணும். உள்ள கூப்பிடவா?"

"வரச் சொல்லுங்க. கேலி பண்ணத்தான் வரும் அது."

நல்லமுத்து விஷயத்தைக் கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவ எங்க மிஸ் நேரா நின்னா? மலைச் சரிவுல மேட்டுப் பக்கத்துக் கால மடக்கி நிப்பாங்கல்ல, அடுப்புக்கிட்டயும் அப்பிடித்தான். எதிர் மலையில நாப்பது பொம்பளைங்க நின்னாலும், அத வச்சே இது எம் பொஞ்சாதின்னு சொல்லிருவேன்."

"நாப்பது பேரையும் பாக்கிறாராம்," என்றாள் நாகலெட்சுமி. ஆனால் காது மடல் சிவந்தது.

றொசானா குழப்பத்தோடு சேலையின் கரையைப் பார்த்தாள். கூச்சப்படுவாளே என்று அவள் அதைக் கணுக்காலுக்கு மேல் உயர்த்தச் சொல்லவே இல்லை.

"அக்கா, முழங்கால் தெரியுற அளவுக்கு நீங்களே தூக்குறீங்களா?"

வலது முழங்கால் மடங்கியிருந்தது. சமதரையில், இல்லாத மேட்டில் ஊன்றியதுபோல. பாரம் முழுவதும் இடது இடுப்பில். காலை நீட்டச் சொல்லிக் கேட்டுத் தொட்டாள். இடுப்பெலும்பு முனைகள் இரண்டும் சமமாக விரல்களுக்குக் கீழே வந்து நின்றன.

"இப்ப நேரா நிக்கிறீங்க."

"இல்ல மிஸ். இப்பதான் சாஞ்சு விழப்போற மாதிரி இருக்கு." கை தானாகக் கணவரின் தோளைப் பிடித்தது.

கால்கள் சமம், மலை வேலை செய்யலாம், ஆறு வாரம் சரிவு குறைந்த இடம் கொடுக்கவும் என்று றொசானா எழுதினாள். வாசித்துக் காட்டியதும் நாகலெட்சுமி கடிதத்தை மடித்து இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் திரும்பி நின்றாள்.

"ஆறு வாரம் கழிச்சு மேட்டுல எப்பிடி மிஸ் நிக்கிறது? அங்க ரெண்டு காலையும் நீட்டுனா உருண்டுருவேனே."

றொசானா தன் வலது முழங்காலை மடக்கி நின்று பார்த்தாள்.

"திங்கக்கெழம வாங்கக்கா," என்றாள். "அதுக்குள்ள நான் யோசிக்கிறேன்."