அத்தான் சுத்தம் பண்ணிய கார்டு

யார் படம் காட்டினாலும் அக்கா புருஷன் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான். முதுகுக்குப் பின்னால் வீட்டில் அவருக்கு அதுவே பெயர். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை கேமரா வாங்கிய நாளிலிருந்து அவர் வாய் ஓயவில்லை. "ஆட்டோ மோடா? அப்ப போன்லயே எடுக்க வேண்டியதுதானே?"

அம்மா நர்ஸ். அவள் ஓய்வு பெறும் நாளில் தங்கை லீவு போட்டு, காலையிலிருந்தே கேமராவோடு கூடவே அலைந்தாள். லென்ஸைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அம்மா, அன்று வார்டில் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போகிற மும்முரத்தில் அதை மறந்தே போனாள். தங்கை எடுத்துத் தள்ளினாள்.

சாயங்காலம் அம்மாவைப் பார்க்க அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்தார்கள். தங்கை டீயோடு அடுப்படியிலிருந்து திரும்புவதற்குள் கேமரா அத்தான் கைக்குப் போயிருந்தது.

"பாதிப் படம் ஆடியிருக்கு. ஜன்னலுக்கு எதிரா நிக்க வெச்சா மூஞ்சி கறுப்பாத்தான் விழும். மோசமானதை அப்பப்ப அழிச்சாத்தான் கை படியும்."

"அழிச்சிட்டீங்களா?"

"மொத்தமா ஃபார்மட்டே பண்ணிட்டேன். கார்டு சுத்தமா இருக்கும்ல? நீ கம்ப்யூட்டர்ல ஏத்தியிருப்பேன்னு நெனச்சேன். எடுத்ததும் ஏத்தணும், அதானே முதல் பாடம்? சரி, எப்படிப் பிடிக்கணும்னு பாரு."

திரைச்சீலையைப் பார்த்து ஒரு க்ளிக்.

தட்டை அவள் வைத்த வேகத்தில் டீ மேஜையெல்லாம் ஓடியது. "இன்னொரு தடவை அமுக்கினீங்க, நடக்கிறதே வேற!"

அழித்த படம் உடனே போய்விடாது. அதன் இடத்தில் புதுப் படம் வந்து உட்காரும்வரை கார்டிலேயேதான் கிடக்கும். அவளுக்கு அது தெரியும். கேமராவைப் பிடுங்கி, கார்டை உருவி, உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தானேடி சொன்னாரு," என்றாள் அக்கா.

"சொன்னாரா? என்னைக் கேக்காம என் பொருள்மேல கை வெச்சாரு!"

"சின்னப் பொண்ணு பேசற பேச்சா இது?" அத்தான் மாமியாரைப் பார்த்தார்.

மாப்பிள்ளை முன்னால் குரலே உயர்த்தாத அம்மா எழுந்து நின்றாள். "அது என் மூஞ்சி, மாப்பிள்ளை. கறுப்பா விழுந்துச்சோ, ஆடிப்போச்சோ, நான் பாக்க வேண்டாமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அக்காவும் பின்னாலேயே போனாள்.

தங்கை கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, அழிந்த படங்களை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டாள். கட்டில்கள், கட்டிப்பிடித்து அழுத தோழிகள், வாசலில் கையசைத்த வாட்ச்மேன் என்று ஒவ்வொன்றாக வந்தன. முதல் படம் மட்டும் வரவில்லை. காலையில் அம்மா கண்ணாடி முன் நின்று கடைசியாகச் சீருடையின் காலரைச் சரிசெய்த படம். அந்த இடத்தில் திரைச்சீலை உட்கார்ந்திருந்தது.

மீண்டதையெல்லாம் இரண்டு இடத்தில் ஏற்றி வைத்தாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

மறுவாரம் அக்கா போன் செய்தாள். "அவர் மனசு நொந்து போயிருக்காரு. ஒரு மன்னிப்பு கேட்டுடேன், முடிஞ்சுபோகும்."

"நொந்து போகட்டும். கேக்க வேண்டியது அவர்."

"வீம்பு பண்ணாத."

"வீம்புதான்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.