வண்டியை எடுக்காதீங்க

என் தொழிலுக்கு இரண்டு கையும் ஒரு காரும் வேண்டும். கைகளைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள் இல்லை. வீடு வீடாகப் போகிறவள். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள், மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் என்று படியிறங்க முடியாதவர்களைத் தேடி நான் படியேறுகிறேன். பின்சீட்டில் மடக்குக் கட்டில், ரப்பர் பட்டைகள், உட்கார்ந்து பயிற்சி செய்கிற பெரிய பந்து எல்லாம் கிடக்கும். ஒருமுறை அந்தப் பந்தோடு பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். நான் நின்றேன், பந்து உட்கார்ந்து வந்தது.

அப்படிப்பட்ட கார்தான் திடீர் திடீரென்று நிற்க ஆரம்பித்தது.

முதல் தடவை பாலத்தை விட்டு இறங்கித் திரும்பும்போது நின்றது. டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் ஒரு கணம் அணைந்தன. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரனில் எனக்கு உயிரே போய்த் திரும்பியது. எப்படியோ ஓரமாக உருட்டி நிறுத்திச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல் சமர்த்தாகக் கிளம்பியது.

வண்டியை வாங்கிய ஷோரூமுக்கே கொண்டுபோனேன். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, சத்தமில்லாமல் ஓடும் டிவி, பட்டனை அழுத்தினால் காப்பி. வேலை நடக்கிற இடத்துக்கு மட்டும் போக முடியாது. அங்கே 'வாடிக்கையாளர்களுக்கு அனுமதியில்லை' என்று ஒரு கதவு. சர்வீஸ் அட்வைசர் சின்னப் பையன். கழுத்தில் டை, கையில் டேப்லெட், முகத்தில் கழற்றவே மாட்டாத ஒரு புன்னகை.

"கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலை மேடம். வண்டி பெர்ஃபெக்ட்."

"பாலத்துல நின்னுச்சேப்பா?"

"எங்ககிட்ட நிக்கலையே மேடம்."

எனக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. 'எக்ஸ்ரேல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்கம்மா, ஆனா வலி தாங்கலை' என்று என்னிடம் அழுதவர்கள் எத்தனையோ பேர். அன்றைக்கு நான் அவர்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேட்டரியை மாற்றினார்கள். திரும்பவும் நின்றது. பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். ஒரு வாரம் ஓடிவிட்டு நின்றது. ஏதோ சென்சார் என்றார்கள், அதையும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி குளித்து, மினுமினுத்து, மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தது. உள்ளே சென்ட் வேறு.

"நோயைத் தீர்க்கத் தெரியலைன்னாலும் நல்லா குளிப்பாட்டுறாங்க," என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, நடந்து போகிற தூரத்தில் ஆபீஸ்.

அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு புது நோயாளி கிடைத்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து, அது மெல்லத் தேறிக்கொண்டிருந்தது. காலில் பலம் வந்துவிட்டது, மனசில்தான் வரவில்லை. கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம். "எழுந்து நின்னு நான் யாருக்கு என்ன காட்டப் போறேன்?" என்பார். அவர் மனைவி கதவோரம் நின்று என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் ஒரு நாளும் தவறாமல் போக நினைத்தேன்.

ஒருநாள் நேரம் தவறிவிட்டது. நடுரோட்டில் வண்டி நின்று, இந்த முறை கிளம்பவும் இல்லை. தள்ளிவிட ஆள் பிடித்துக் கிளப்பி, வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தபோது தலைமையாசிரியர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நேரத்துக்கு வராதவங்க சொல்றதை நான் எதுக்குக் கேக்கணும்?"

வெளியே வந்து காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நேராக ஷோரூமுக்குப் போனேன். எனக்குச் சத்தம் போடத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சத்தம் கேட்டு மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"ஓட்டுற விதத்துலகூட ஏதாவது இருக்கலாம் மேடம். லேடீஸ் சில பேரு கிளட்ச் மேலயே காலை வெச்சுக்கிட்டு..."

"வண்டி வாங்க வந்தப்போ இந்தக் காலு நல்லாத்தானே இருந்துச்சு? அப்போ வாசல் வரைக்கும் வந்து கூட்டிட்டுப் போனீங்க?"

காத்திருந்தவர்களில் ஒருவர் காப்பியைச் சிந்திவிட்டுச் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன்.

கார் கதவைத் திறக்கும்போது பின்னால் ஓடிவரும் சத்தம். டை கட்டிய பையன். முகத்தில் அந்தப் புன்னகை இல்லை. அது இல்லாமல் பார்க்கும்போதுதான் அவன் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தது.

"அக்கா," என்றான். அதுவரை நான் மேடம். "நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க. உள்ள வேலை செய்றவங்க யாரும் கெட்டவங்க இல்லைக்கா. ஒரு வண்டிக்கு இவ்வளவு நேரம்தான்னு வெச்சிருக்காங்க. ஒண்ணைக் கழட்டி ஒண்ணை மாட்டறதுக்கு நேரம் இருக்கு, தேடறதுக்கு நேரம் இல்லை. எங்கப்பா வண்டியையே நான் இங்க கொண்டுவர மாட்டேன்."

"பின்ன எங்க கொண்டு போவே?"

மரக்கடைக்குப் பின்னால் ஒரு பட்டறை இருக்கிறது என்றான். வழி சொன்னான். "அங்க 'அவசரம்'னு கேளுங்க, யார் வேணா காட்டுவாங்க."

"அவசரமா?"

"பட்டப்பேருக்கா. அந்த அண்ணன் எதுக்குமே அவசரப்பட மாட்டாரு. அதான். கொஞ்சம் பொறுமை வேணும் உங்களுக்கு."

சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டான். கதவைத் தள்ளும்போதே புன்னகையை மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

பட்டறை என்றால் தகரக் கூரை, இரண்டு கார் நிற்கிற இடம். தரையைப் பெருக்கி வைத்திருந்தார்கள். ஐம்பதை ஒட்டிய ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே எங்கோ தேடிக்கொண்டிருந்தார்.

"நெத்தியில இருக்குண்ணே," என்றேன்.

"அட, ஆமா," என்று இறக்கிக்கொண்டார். எங்கள் அறிமுகம் அப்படி.

பானெட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டுவிட்டு, தான் டயர் மேல் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா."

பாலத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "நிக்கும்போது நேரா போயிட்டிருந்தீங்களா, திரும்பிட்டிருந்தீங்களா?" என்றார்.

இத்தனை நாளில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. யோசித்துப் பார்த்தேன். பாலத்து இறக்கத்தில் திருப்பம். அரசு அலுவலகத்துக்கு எதிரே திருப்பம். அன்றைக்கு நடுரோட்டில் நின்றதும், எதிரே வந்த சைக்கிளுக்காக வளைத்தபோது.

"திரும்பும்போதுதாண்ணே. எப்பவுமே."

"அப்படியா," என்று தலையாட்டினார்.

"என்ன கோளாறுன்னு தெரியுதா?"

"தெரியலை. நாளைக்கு நீங்க வேலைக்குக் கிளம்பும்போது நானும் கூட வரட்டுமா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. ஆனால் 'தெரியலை' என்ற அந்த வார்த்தை, வெயிலில் வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்த மாதிரி இருந்தது. ஷோரூமில் ஒவ்வொரு முறையும் அவர்களுக்குத் தெரிந்தது. தெரிந்து தெரிந்துதான் என் வண்டி அந்தக் கதிக்கு வந்தது.

மறுநாள் அவர் என்னோடு வந்தார். பின்சீட்டில் பந்தை அணைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வரும்வரை வண்டியிலேயே இருந்தார். அன்றைக்கு வண்டி நிற்கவே இல்லை.

"புது ஆளைப் பார்த்து வெக்கப்படுது," என்றார்.

அடுத்த நாள் ஒரு குறுகலான சந்தில் திரும்பும்போது விளக்குகள் அணைந்து, வண்டி நின்றது.

"நின்னுடுச்சு!" என்று கத்தினார். பிரசவ அறை வாசலில் காத்திருந்தவருக்குப் பிள்ளை பிறந்த செய்தி வந்த மாதிரி அப்படியொரு சந்தோஷம். இறங்கி, பானெட்டைத் திறந்து, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டவர், வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். பேட்டரிக்கு அடியில் ஒரு வயர்க் கட்டு. அதிலொரு வயர் இரும்புத் தகட்டின் விளிம்பில் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. வண்டி வளையும்போது இன்ஜின் லேசாகச் சாயும். அப்போது வயர் தகட்டைத் தொடும். தொட்டதும் எல்லாம் அணைந்துவிடும். பட்டறைக்குக் கொண்டுபோய் அந்த வயரைச் சரிசெய்து, தகட்டில் படாதபடி வேறு பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டினார்.

அதற்கப்புறம் வண்டி நிற்கவில்லை. திருப்பங்களில் மூச்சைப் பிடித்துக்கொள்கிற பழக்கம் எனக்கு மெல்ல விட்டுப்போனது. தலைமையாசிரியர் வீட்டுக்கும் நேரத்துக்குப் போனேன். கட்டிலில் படுத்தபடியே காலை மடக்குவார், நீட்டுவார். இறங்கச் சொன்னால் மட்டும் சுவரைப் பார்ப்பார்.

ஒருநாள் காலை அவர் வீட்டில் இருந்தபோதுதான் பட்டறையிலிருந்து போன் வந்தது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"பேஷண்ட் வீட்லண்ணே."

"வண்டி?"

"வாசல்ல நிறுத்தியிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. வண்டியை எடுக்காதீங்க. நான் வர்றேன்."

"என்னாச்சுண்ணே?"

"தப்புப் பண்ணிட்டேன்மா. இன்னிக்கு இங்க உங்க வண்டி மாதிரியே ஒண்ணு வந்திருக்கு. திறந்து பார்த்தா, அந்த வயரைப் பிடிச்சுக்க ஒரு கிளிப் இருக்கு. உங்க வண்டியில அது இல்லை. இல்லைங்கறது எனக்கு அப்போ தெரியலை. நான் கட்டின இடம் புகைக் குழாய்க்குப் பக்கம். அந்தச் சூட்டுல கட்டு இளகிடும். இளகி வயர் குழாய் மேல விழுந்தா தீப்பிடிச்சாலும் பிடிக்கும். நீங்க எடுக்காதீங்க, நான் வந்துடறேன்."

போனை வைத்தேன். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு நினைப்பு. இவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? நானே திரும்ப அவரிடம் ஓடிப்போய், 'அண்ணே, புதுசா ஏதோ பிரச்சினை' என்று சொல்லியிருப்பேனே.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவசரம் அண்ணன் அன்றைக்கு உண்மையிலேயே அவசரப்பட்டிருந்தார். சட்டைப் பட்டன் ஒன்று மாறிப் போட்டிருந்தது. பானெட் திறக்கும் சத்தம் ஜன்னல் வழியே கேட்டது.

"யாரது?" என்றார் தலைமையாசிரியர் கட்டிலில் இருந்து.

"மெக்கானிக் சார். என் வண்டியில ஏதோ தப்பாச் செஞ்சுட்டாராம். சரிபண்ண வந்திருக்கார்."

"நீ கண்டுபிடிச்சுக் கேட்டியா?"

"இல்ல சார். எனக்குத் தெரியவே தெரியாது. அவரே போன் பண்ணிச் சொன்னார்."

"அவரேவா?"

"அவரேதான்."

தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். "என் சர்வீஸ்ல, தானா வந்து 'சார், தப்புப் பண்ணிட்டேன்'னு நின்ன பையன் ஒருத்தன் கிடையாது. மாட்டினப்புறம் எல்லாரும் சொல்வானுங்க. அந்த ஆளை நான் பார்க்கணுமே."

"உள்ள வரச் சொல்லட்டுமா?"

"வேலை செய்றவனை எதுக்குத் தொந்தரவு பண்றே? அந்த வாக்கரை எடு."

நான் அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பேசினால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம். வாக்கரைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். கால்களைக் கீழே தொங்கவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒரு முனகலோடு அவர் எழுந்து நின்றார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இடது கால் இழுத்தது. ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஆனால் திரும்பவில்லை. ஜன்னலைப் போய்ச் சேர்ந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா! வெளிச்சம் பத்துமா?"

அவசரம் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "பத்தும் சார்!"

"பதறாம செய்! நல்லா இறுக்கிக் கட்டு!"

"சரிங்க சார்!"

வகுப்புக்கு வெளியே இருந்து மேற்பார்வை பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். கால் நடுங்குவது என் கைக்குத் தெரிந்தது. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். உட்கார்ந்தார். ஆனால் கட்டிலுக்குப் போக மறுத்துவிட்டார். "வேலை முடியட்டும்." அவர் மனைவி சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அந்த அம்மா அழுதது எனக்குக் கேட்டது.

வேலை முடிந்ததும் வாசல் குழாயடியில் அண்ணன் கை கழுவிக்கொண்டிருந்தார். புது கிளிப் போட்டு, வயரை அதன் இடத்திலேயே வைத்துவிட்டதாகச் சொன்னார். என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனவள் "ரொம்ப தேங்க்ஸ்ண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

"நல்லா இருக்கே கதை. நான் பண்ணின தப்பை நான் திருத்தியிருக்கேன். அதுக்கு எதுக்கும்மா தேங்க்ஸ்? திட்டியிருந்தாக்கூட வாங்கிட்டுப் போயிருப்பேன்."

ஜன்னலில் இருந்து தலைமையாசிரியர் அவரைக் கையமர்த்தினார். "தேங்க்ஸ் சொன்னா வாங்கிக்கப்பா."

"சரிங்க சார்," என்று அண்ணன் வாங்கிக்கொண்டார்.

இப்போது தலைமையாசிரியர் கேட் வரைக்கும் நடக்கிறார், தெருவில் போகிறவர்களையெல்லாம் அதட்டுகிறார். தெருவில் சிலருக்கு என் மேல் கோபம். டை கட்டிய பையனுக்கு ஒருநாள் போன் செய்து நன்றி சொன்னேன். "நான் உங்களுக்கு ஒண்ணுமே சொல்லலையேக்கா," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வண்டி நல்லா ஓடுதா?" என்றான். ஓடுகிறது, தம்பி.

என் நோயாளிகள், அவர்களுடைய பிள்ளைகள், என் வீட்டுக்காரரின் ஆபீஸ் ஆட்கள் என்று யார் வண்டி இருமினாலும் நான் மரக்கடைக்குப் பின்னால்தான் அனுப்புகிறேன். போன வாரம் அண்ணனே கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும்மா. பட்டறையில இடமில்லை, வண்டிங்க ரோட்ல நிக்குது. இனிமே வெளியாள் யாரையும் அனுப்பாதீங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நேற்று என் நாத்தனாரை அனுப்பியிருக்கிறேன். அவள் வெளியாள் இல்லையே.